பாட்டி எங்கே போனாள்?

மறுகரைக்கு வழி: பினாங்கும் அதன் இறந்தவர்களும் – 9

சென்ற வாரம் ஏழாம் மாதத்துப் பேய்த் திருவிழாவில் நிறுத்தியிருந்தோம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் மேடை கட்டி, முதல் வரிசை நாற்காலிகளை இறந்தவர்களுக்கென்று காலியாக விட்டு, சீனக் கூத்தாடி, கடைசி நாளில் தாளுருவத்தைக் கொளுத்தி வழியனுப்பும் திருவிழா. அதற்கு முந்தைய வாரங்களில், ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களையும், சூலியா தெருப் பக்கம் பாத்திஹா ஓதிச் சோறு பங்கிடும் தமிழ் முஸ்லிம் வீடுகளையும் பார்த்தோம். இந்த ஊரில் செத்தவர்கள் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை. ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு நாளில், யாராவது அவர்களுக்கு இலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கும் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய ஒருவரும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு வந்து ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ ஆன தமிழர் அவர். கூடத்துச் சுவரில் பொட்டு வைத்த பாட்டியின் படம் இன்னும் தொங்குகிறது. அதற்கு மாலை போடலாமா கூடாதா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி. திதியன்று அண்ணன் வீட்டில் படையல். போகலாமா? போனால் இலையில் உட்காரலாமா? உட்கார்ந்தால், படைத்த வடையைத் தின்னலாமா, அல்லது படைப்பதற்கு முன்பே எடுத்துவைத்த வடை மட்டும்தானா? சிரிப்பாக இருக்கலாம், அந்த வீடுகளில் இது சிரிப்பான விஷயம் இல்லை. இவையெல்லாம் மேலே மிதக்கும் கேள்விகள். அடியில் கிடப்பது வேறு. இயேசுவின் பெயரைக்கூடக் காதால் கேளாமல் போய்ச்சேர்ந்த பாட்டி இப்போது எங்கே இருக்கிறாள்?

மலேசியாவின் 2010 குடிக்கணக்கின்படி இந்திய வம்சாவளியினரில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்த 6 விழுக்காட்டை ஒரே கூட்டமாக எண்ணிவிடக் கூடாது. ஒரு பகுதியினர் கப்பல் ஏறும்போதே கிறிஸ்தவர்கள்: கடற்கரை ஊர்களிலிருந்தும், புதுச்சேரியிலிருந்தும், தஞ்சை, திருநெல்வேலிப் பக்கமிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களின் பாட்டிக்குப் பாட்டியே ஞானஸ்நானம் வாங்கியவள். அவர்களுக்கு இந்தக் கேள்வி பழைய புத்தகத்தில் வரும் கேள்வி. மறு பகுதியினர் தோட்டத்து லயங்களிலும், பிறகு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஜெபக்கூட்டத்தின் வழியாக வந்தவர்கள். பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகள். நோய் தீர்ந்தது, குடி நின்றது, வீட்டில் சமாதானம் வந்தது என்று சாட்சி சொல்லிச் சேர்ந்தவர்கள். சேர்ந்த சில மாதங்களில் நரகத்தைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கிறார்கள். பிரசங்கியார் பேசுவது கேட்பவரின் வருங்காலத்தைப் பற்றி. கேட்பவரின் மனமோ பின்னால் போய், அம்மாவிடம் நிற்கிறது.

தமிழனுக்கு நரகம் புதிதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கொப்பரையும் எமகிங்கரரும் கோயில் சுவர்ப் படங்களிலிருந்து சினிமா வரைக்கும் நமக்குப் பழக்கம். துக்க வீட்டில் கருட புராணம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெருப்பைக் கேட்டு நாம் பயந்துவிடுவதில்லை. ஆனால் நம் நரகத்துக்கு இரண்டு சௌகரியங்கள் உண்டு. தண்டனை ஒருநாள் முடியும்; முடிந்ததும் இன்னொரு பிறவி. அதைவிடப் பெரிய சௌகரியம், வெளியில் நிற்கும் பிள்ளை உள்ளே இருப்பவருக்காக ஏதாவது செய்யலாம். பிண்டம் வைக்கலாம், தானம் கொடுக்கலாம், காசிக்கோ ராமேசுவரத்துக்கோ போகலாம். பிள்ளை பெறுவதே அதற்குத்தான் என்று சொன்ன மரபு இது. புதிதாக வந்த நரகம் இந்த இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் சாத்துகிறது. அது இறந்தவரை மட்டும் தண்டிக்கவில்லை. இருக்கிற பிள்ளையையும் ஒன்றுக்கும் உதவாதவனாக ஆக்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை, வலிக்கிற இடம் இதுதான்.

ஜாலான் பினாங்கில், பழைய ஆட்கள் பினாங்கு ரோடு என்று சொல்லும் சாலையில், புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பங்கு. சவேரியார் நமக்கு அந்நியர் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். 1545இல் மலாக்காவுக்கு வந்தார். அதன் பிறகு கிழக்கே போகும்போதும் வரும்போதும் அவருக்கு மலாக்காதான் தங்குமிடம். 1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தபின், கோவாவுக்குக் கொண்டுபோவதற்கு முன் அவர் உடலை அடக்கம் செய்து வைத்திருந்ததும் மலாக்கா குன்றின் மேலிருக்கும் கோயிலில்தான். தமிழ்க்கரைக்கும் மலாயாக்கரைக்கும் பொதுவான புனிதர் ஒருவரைத் தேடினால் இவரை விட்டால் ஆள் இல்லை.

பாட்டி எங்கே போனாள் என்ற கேள்வியை இந்தச் சவேரியாரிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் தமிழர்கள் அல்ல, ஜப்பானியர்கள்.

1549 ஆகஸ்டில் அவர் ககோஷிமாவில் இறங்கினார். பிறகு யமகுச்சி என்ற ஊரில் பல மாதம் இருந்து போதித்தார். திரும்பி வந்து, 1552 ஜனவரி 29ஆம் தேதி கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த சகோதரர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஜப்பானைப் பற்றி ஐரோப்பா தெரிந்துகொண்ட முதல் செய்திகளில் அதுவும் ஒன்று. அதில் இரண்டு இடங்கள் நம் விஷயத்துக்கு வேண்டியவை. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் இடம், யமகுச்சிக்காரர்கள் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால். அவர்களுக்கு ஒரு தடை இருந்தது. நீர் சொல்லும் கடவுள் அவ்வளவு நல்லவர் என்றால், இத்தனை நூற்றாண்டு எங்களுக்கு ஏன் தன்னைக் காட்டவில்லை? அவரை வணங்காதவர்கள் எல்லாரும் நரகம் என்றால், எங்கள் முன்னோர் மேல் அவருக்கு இரக்கமே இல்லையா? சவேரியார் இதற்கு நல்ல பதில் ஒன்று வைத்திருந்தார். சீனத்திலிருந்து உங்களுக்குச் சட்டங்கள் வருவதற்கு முன்பே, கொல்வதும் திருடுவதும் பொய் சொல்வதும் தீது என்று உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? மனிதவாடையே இல்லாத காட்டில் வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் அவனுக்கும் தெரிந்திருக்கும். படைத்தவர் எல்லார் மனத்திலும் அதை எழுதித்தான் அனுப்பியிருக்கிறார். இந்தப் பதிலில் அவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டது என்று எழுதுகிறார்.

இரண்டாவது இடம், அவர்கள் கிறிஸ்தவர்களான பிறகு. அந்த ஊர்ப் பௌத்தத் துறவிகள், நரகத்தில் இருப்பவர்களையும் வெளியே கொண்டுவரத் தங்களால் முடியும் என்று சொல்லிவந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் புதுக் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள்: எங்கள் தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள் செத்துப்போனார்களே, தானத்தாலோ ஜெபத்தாலோ அவர்களுக்கு ஏதாவது செய்ய வழியுண்டா? இல்லை என்றார். கடவுளால்கூடவா அவர்களை வெளியே எடுக்க முடியாது, ஏன் அவர்கள் என்றென்றைக்கும் அங்கே கிடக்க வேண்டும் என்று கேட்டார்கள். உங்களைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்கிற மாதிரிப் பதில் சொல்லிப் பார்த்தார். அவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. இத்தனை பிரியமான நண்பர்கள் தீர்வில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்த்துத் தனக்கும் மனம் நொந்ததை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவரை நான் இந்த இடத்தில்தான் மிகவும் நேசிக்கிறேன்; இந்த இடத்தில்தான் அவரோடு சண்டையும் போடத் தோன்றுகிறது. காட்டில் வளர்ந்தவன் மனத்திலும் கடவுள் எழுதியிருக்கிறார் என்று சொன்ன அதே வாய், அந்த எழுத்தின்படி நடந்து செத்த தாய்க்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்றது? ஒரே கடிதத்தில் பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் காலத்தில் பார்ப்பது எளிதும் இல்லை. 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கம், திருச்சபைக்கு வெளியே சாகிறவர்கள், அவர்கள் புறச்சமயத்தாராக இருந்தாலும் யூதராக இருந்தாலும் பிரிந்துபோன கிறிஸ்தவராக இருந்தாலும், நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று எழுத்தில் வைத்திருந்தது. நூறு ஆண்டு கழித்து ஒரு மிஷனரி அதை மீறிப் பேச வேண்டும் என்று நாம் இப்போது எதிர்பார்ப்பது நியாயமாகாது. அழுதவர்களின் அழுகையை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பினாரே, அதுவே பெரிது.

யமகுச்சிக்காரர்கள் அழுதார்கள், ஆனாலும் தங்கினார்கள். தங்காதவர் ஒருவரைப் பற்றி வடக்கு ஐரோப்பாவில் ஒரு பழங்கதை உண்டு. ஃபிரிசிய அரசன் ராட்போட் ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் முன்னோர் எங்கே இருக்கிறார்கள் என்று ஆயரைக் கேட்டானாம். நரகத்தில் என்றார் ஆயர். அப்படியானால் உங்கள் சில பேரோடு மோட்சத்தில் இருப்பதைவிட என் ஆட்களோடு அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று வைத்த காலை எடுத்துவிட்டானாம். நடந்த வரலாறு என்று இதைச் சொல்ல முடியாது, கதைதான். ஆனாலும் எந்தத் தமிழ்த் தகப்பனுக்கும் ராட்போடைப் புரியும்.

பினாங்குக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபை இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே ஒரு வாசலை எப்போதும் திறந்தே வைத்திருந்தது. உத்தரிக்கிற ஸ்தலம் என்று நம் பாட்டிமார் சொல்வது. மோட்சத்துக்குப் போக வேண்டியவர்தான், ஆனால் கறை போகவில்லை. அது போகும்வரை இருக்கும் இடம். அங்கிருப்பவர்களுக்கு நம் ஜெபம் உதவும். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புல் வெட்டி, கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் மந்திரிக்க வரும்வரை குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். பாட்டி விரும்பிக் குடித்தாள் என்று கோப்பி கொண்டுவந்து வைப்பவரும் இருப்பார். இது படையல் இல்லையா என்று அவரைக் கேட்டுவிடாதீர்கள். சீனக் கத்தோலிக்கர்களுக்கு ஏப்ரலில் முன்னோர் கல்லறைக்குப் போகும் செங் பெங்கும் உண்டு, நவம்பரும் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை.

முன்னோருக்கு மரியாதை செய்யும் உரிமையைச் சீனர் பெற்ற கதை நீளமானது, கசப்பானது. முன்னோர் பலகைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றலாமா என்ற சண்டை நூறாண்டுக்கு மேல் நடந்து, 1742இல் போப் பதினான்காம் பெனடிக்ட் கூடாதென்று முடித்தார். அதற்கு முன்பே, 1704இல் புதுச்சேரியில், போப்பின் தூதர் துர்னோன் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல வழக்கங்களுக்குத் தடை போட்டிருந்தார். 1744இல் அதுவும் உறுதியானது. பினாங்கில் இந்தச் சண்டைக்கு ஒரு வீட்டு வாசலே உண்டு. புலாவ் திக்குஸில் இருந்த காலேஜ் ஜெனரல் குருமடம் 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி, அங்கிருந்து துரத்தப்பட்டு, 1770இல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்துக்கு வந்து, அங்கே மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மறுபடி திறந்தது. சீனா, வியட்நாம், சயாம், கொரியா என்று எல்லா நாட்டுப் பையன்களும் குருவாக இங்கே படித்தார்கள். அந்தச் சீனப் பையன்கள் ஊருக்குத் திரும்பித் தங்கள் மக்களிடம் என்ன சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: தாத்தாவின் பலகையை இறக்கு. கொரியாவில் 1791இல் பலகையைக் கொளுத்திய யுன் ஜி-சுங் என்பவருக்கு அரசாங்கம் மரண தண்டனையே கொடுத்தது. 1939 டிசம்பரில் ரோம் தன் தடையைத் தளர்த்தி, முன்னோருக்குக் காட்டும் மரியாதை குடும்பக் கடமைதான் என்று ஒத்துக்கொண்டது. இடையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு. அதற்குள் எத்தனை பலகைகள் விறகாகியிருக்கும்!

அதைவிடப் பெரிய நகர்வு 1964 நவம்பரில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டின் 16ஆம் பத்தியில், தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமலே, உண்மை மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடந்தவர்களும் மீட்படையலாம் என்று எழுதியது. சவேரியார் யமகுச்சியில் ஒரு கையில் வைத்திருந்த பதில், நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து மறு கைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பதினோரு ஆண்டு முன்னால் இன்னொரு வேடிக்கை. திருச்சபைக்கு வெளியே ஒருவருக்கும் மீட்பில்லை என்று போஸ்டனில் விடாப்பிடியாகப் பிரசங்கித்த லெனார்ட் ஃபீனி என்ற குருவை, திருச்சபை 1953இல் சபைக்கு வெளியே தள்ளியது! ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பச்சைக் குழந்தைகளுக்கென்று இறையியலாளர்கள் ஒதுக்கியிருந்த லிம்போவையும், கட்டாயம் நம்ப வேண்டிய ஒன்றல்ல என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு ஓரமாக வைத்தது. தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கப் பூசையை மறுத்த பழைய சட்டம் 1983இன் புதுச் சட்டத் தொகுப்பில் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் அறிஞர்களின் வாதம் இருந்தது. அந்த வாதத்துக்கும் பின்னால் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் இருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

புராட்டஸ்டண்ட் பக்கம் கதை வேறு. ஜாலான் சுல்தான் அகமது ஷாவில், பழைய நார்தம் ரோட்டில், கெம்போஜா மரங்களுக்கு அடியில் பினாங்கின் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி, 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கேதான் இருக்கிறார். சயாம் அரண்மனைக்கு ஆசிரியையாகப் போன அன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவென்ஸும் அங்கேதான். பக்கத்திலேயே கத்தோலிக்கக் கல்லறை. பக்கத்துப் பக்கத்துக் கல்லறைகள்தான், ஆனால் மறுமையில் வெகுதூரம். ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டளைகளில் 22ஆவது உத்தரிக்கிற ஸ்தலத்தை ஆதாரமில்லாத கற்பனை என்று தள்ளிவிட்டது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் மக்கபேயர் புத்தகமும் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. ஆகவே மூச்சு நின்றதும் கணக்கு முடிந்தது. ஒன்று அங்கே, அல்லது இங்கே. பிள்ளை செய்ய ஒன்றுமில்லை.

அப்படி இருக்க மனிதரால் முடிகிறதா? இங்கிலாந்தில் முடியவில்லை. 1914இல் மூண்ட போரில் பையன்கள் ஆயிரக்கணக்கில் சாகத் தொடங்கியதும், இறந்தவருக்கான ஜெபம் ஆங்கிலிக்கன் கோயில்களுக்குள் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. கட்டளை அதே இடத்தில் இருக்க, தாய்மார் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். 1988இல், சுவிசேஷகப் பிரிவினரிடையே மிகவும் மதிக்கப்பட்ட ஜான் ஸ்டாட், முடிவில்லாத வேதனையைவிட, கெட்டவர்கள் இறுதியில் இல்லாமலே போய்விடுவார்கள் என்பதுதான் வேதத்துக்குப் பொருந்தலாம் என்று தயங்கித் தயங்கி எழுதினார். அவர் ஆட்களே அவரைச் சும்மா விடவில்லை. பினாங்கில் இதே கருத்துக்கு ஒரு கட்டடமே இருக்கிறது. 1924இல் தொடங்கிய, பர்மா சாலையில் இருக்கும் அட்வெண்டிஸ்ட் மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் ஊரில் குறைவு. அதை நடத்தும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையின் நம்பிக்கையில் நித்தியமாக எரியும் நரகம் கிடையாது. இறந்தவர் உயிர்த்தெழும் நாள் வரை ஒன்றும் அறியாமல் உறங்குகிறார். கடைசியில் தீயவர் எரிந்து முடிந்துபோவார்கள். பித்தப்பைக் கல்லுக்கு அங்கே படுத்திருந்த எத்தனை பேர், அந்தச் சுவருக்குள் பாட்டி எரியவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்களோ!

தமிழ்ப் பெந்தெகொஸ்தே வீடுகளுக்கு வருகிறேன். அங்கே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“பாஸ்டர், எங்க அம்மா யாருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சதில்ல. பால்மரம் வெட்டியே எங்க அஞ்சு பேரையும் வளத்தாங்க. அவங்க இப்ப எங்க இருப்பாங்க?”

“சிஸ்டர், அதெல்லாம் கர்த்தருக்குத் தெரியும். நீங்க உங்க பிள்ளைங்க ரட்சிக்கப்படணும்னு ஜெபம் பண்ணுங்க.”

சவேரியார் யமகுச்சியில் சொன்ன அதே பதில். நானூற்றைம்பது ஆண்டு கழிந்தும், கடலும் சபையும் மாறியும் பதில் மாறவில்லை. பாஸ்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. முதல் வாக்கியத்தில் அவர் தன்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொண்டுவிடுகிறார். மேடையில் நின்று நரகத்தை விவரித்தபோது இருந்த உறுதி, சிஸ்டரின் சோபாவில் உட்கார்ந்து மைலோ குடிக்கும்போது இருப்பதில்லை. அந்தத் தளர்வைப் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் அவருடைய நல்ல இறையியலாகப் படுகிறது.

தளராதவர்களும் உண்டு. சாவு வீட்டிலேயே, இவர் ரட்சிக்கப்படாமல் போனார், நீங்களாவது மனந்திரும்புங்கள் என்று மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்கள். மனிதநேயத்தை விடுங்கள், அவர்கள் கையிலிருக்கும் வேதத்தையே எடுத்துக்கொள்வோம். நரகத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் தவறாமல் எடுக்கும் பகுதி, லூக்கா 16இல் வரும் ஐசுவரியவானும் லாசருவும். அந்தக் கதையில் பணக்காரன் எதற்காக அங்கே போனான்? ஞானஸ்நானம் வாங்காததற்கா? வாசலில் புண்ணோடு கிடந்தவனைக் கண்டுகொள்ளாததற்கு. நெருப்புக்குள் நின்றுகொண்டு அவன் எதைக் கேட்கிறான்? தன் ஐந்து சகோதரர்களுக்கு யாராவது போய்ச் சொல்லுங்களேன் என்று கெஞ்சுகிறான். நரகத்திலிருப்பவனே வீட்டை நினைக்கிறான். வீட்டிலிருப்பவர்கள் அவனை நினைக்கக் கூடாதா? ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளோடு பேரம் பேசியதும், கிறிஸ்து இறந்தவர்களிடமும் போய்ப் பிரசங்கித்தார் என்று பேதுரு எழுதியதும், நியாயப்பிரமாணம் கிடைக்காதவர்களின் மனச்சாட்சியே அவர்களுக்குச் சாட்சி சொல்லும் என்று ரோமருக்குப் பவுல் எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. அவர்கள் மோட்சத்தில் இருப்பதாக அதற்கு அர்த்தம். இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒரே ஒரு பெயரைக்கூட அறிவித்ததில்லை. யூதாசைக்கூட அறிவிக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு அதிகாரம் கொண்ட நிறுவனம் செய்யத் துணியாததை, வாடகை மண்டபத்தில் ஞாயிறு ஆராதனை நடத்துகிறவர் பக்கத்து வீட்டு ஆயாவின் பெயரைச் சொல்லிச் செய்கிறார் என்றால், அவர் எங்கேயோ எல்லை தாண்டிவிட்டார்.

ஆனால் நரகத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர் எல்லாம் இரக்கமற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களில் பலர் அந்த ஐசுவரியவானைப் போலத்தான்: வீட்டிலிருக்கும் ஐந்து பேருக்கு எப்படியாவது சேதி சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு. அம்மாவுக்குக் கடைசி ஆஸ்பத்திரிப் படுக்கையில் காதோடு ஜெபம் சொல்லி, தலையசைத்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது, அதனால் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாழ்நாள் முழுதும் நம்பிக்கொண்டிருக்கும் மகள்கள் இருக்கிறார்கள். அந்தத் தலையசைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

பிள்ளைக்குச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும் என்றேன் அல்லவா, சபை தராவிட்டால் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். கொள்ளி வைக்க மாட்டேன் என்று விலகி நின்ற தம்பி, மருத்துவமனைச் செலவு, சவப்பெட்டி, வேன் எல்லாவற்றையும் தன் கையால் கட்டுகிறார். திதிக்குப் போகாத தங்கை, அதே தேதியில் முதியோர் இல்லத்துக்குப் பகல் சாப்பாடு கொடுக்கிறார். ஏன் அந்தத் தேதி என்று கேட்டால், சும்மா, ஞாபகத்துக்கு என்பார். நினைவு ஆராதனை என்ற பெயரில் ஆண்டுதோறும் வீட்டில் கூடுகிறார்கள். அங்கே இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை, இறந்தவருக்காக நன்றி சொல்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் வரும் சாப்பாட்டில் அம்மாவுக்குப் பிடித்த மீன்குழம்பு கட்டாயம் இருக்கும். உறவினரில் இந்துக்களும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு: புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயிலில் ஜூலைத் திருவிழாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வரும் இந்துத் தமிழர்கள் ஏராளம். அந்த மெழுகுவத்திகளில் எத்தனை இறந்தவர்களுக்கு என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

தன் பாட்டிக்கு ஒரு பூசை வைக்க ஆசைப்பட்டு, பாட்டி இந்துவாயிற்றே என்று கோயில் அலுவலகத்து வாசலோடு திரும்பிவிடும் கத்தோலிக்கர்களும் பினாங்கில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901ஆவது சட்டம் ஒரே வாக்கியம்தான்: உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, யாருக்காக வேண்டுமானாலும் குரு பூசையை ஒப்புக்கொடுக்கலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. கருத்து எழுதும் உறையில் மாரியம்மா என்றோ முனியாண்டி என்றோ எழுதிக் கொடுக்கலாம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினால் போதும்; பீடத்தில் வாசிக்கும்போது சாமியார் தடுமாறக் கூடாது.

(அடுத்த வாரம்: வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்கள்)